எப்ப சார் கடைக்கு வரும்?

2014-ல் ஒரு கட்டுரை எழுதினேன். பெரோவ்ஸ்கைட் என்றொரு சமாசாரம் வந்திருக்கிறது, பெயின்ட் மாதிரி கண்ணாடியில் பூசினால் வெயிலிலிருந்து மின்சாரம் வரும், சிலிக்கான் சோலார் பேனலை ஓரங்கட்டப் போகிறது என்கிற தினுசில். பி.காம். படித்தவன் விஞ்ஞானம் எழுதினால் இப்படித்தான். உற்சாகம் ஜாஸ்தி, சந்தேகம் கம்மி.

மறுவாரம் ஒரு வாசகர் போன் செய்தார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். "மொட்டை மாடிக்கு சோலார் போட அட்வான்ஸ் கொடுக்க இருந்தேன் சார். உங்க கட்டுரையைப் படிச்சதும் நிறுத்திட்டேன். இது எப்ப சார் கடைக்கு வரும்?"

"ரெண்டு மூணு வருஷத்துல வந்துடும்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அப்புறம் ஒவ்வொரு பொங்கலுக்கும் வாழ்த்து சொல்லிவிட்டு, "என்ன சார், வந்துடுச்சா?" என்பார். நாலாவது பொங்கலில் வெட்கம் வந்து ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன்.

2009-ல் ஜப்பானில் யோகோஹாமாவிலுள்ள டோயின் பல்கலைக்கழகத்தில், மியாசகாவின் குழு செய்த முதல் செல், விழுந்த வெயிலில் 3.8 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கியது. அதுவும் உள்ளே இருந்த திரவத்தில் கரைந்து சீக்கிரமே செத்துப்போனது. 2012-ல் திரவத்துக்குப் பதில் திடப்பொருள் வைத்தார்கள்; 10 சதவீதம் வந்தது. இன்று 26-ஐத் தாண்டியாயிற்று. மார்க் ஷீட்டில் குறையே இல்லை.

குறை சமையலில். சிலிக்கானை 1,400 டிகிரிக்கு மேல் உருக்க வேண்டும். இதற்கு சுமார் 100 டிகிரி, இட்லிப் பானைச் சூடு போதும். ஈய அயோடைடையும் இன்னொரு உப்பையும் கரைத்துக் கண்ணாடியில் சொட்டு விட்டு, நிமிஷத்துக்குச் சில ஆயிரம் சுற்று சுழற்றுகிறார்கள். சுற்றும்போதே, குறிப்பிட்ட சில விநாடிகளுக்குள், அந்த உப்புகளைக் கரைக்காத வேறொரு திரவத்தை மேலே விட வேண்டும். அப்போதுதான் படிகங்கள் ஒரே சமயத்தில் நெருக்கமாக முளைக்கும். முந்தினாலும் பிந்தினாலும் ஓட்டை. ஒரே செய்முறையை இரண்டு பேர் செய்தால் இரண்டு ரிசல்ட். சுருக்கமாக, கைப்பக்குவம்!

காஸ்ட் அக்கவுன்டிங் படித்தவனுக்கு இன்னொன்று கண்ணை உறுத்தியது. சுழற்றும்போது கரைசலில் பெரும்பகுதி சிதறி வீண். தவிர, சாதனை படைத்த செல்கள் பெரும்பாலும் விரல் நகம் சைஸ். கதவு சைஸ் கண்ணாடியை யார் சுற்றுவது? அதனால் மெல்லிய பிளவு வழியே கரைசலை இறக்கிப் பரப்பி, நைட்ரஜன் காற்றை ஊதியோ, வெற்றிடத்தில் வைத்தோ உலர்த்தப் பார்க்கிறார்கள். நகத்தில் வந்த சதவீதம் கதவில் வருவதில்லை. பரப்பு பெரிதாகப் பெரிதாக ஓட்டைக்கும் வாய்ப்பு அதிகம்.

அப்புறம் ஈரம். தண்ணீர் உள்ளே புகுந்தால் கறுப்புப் படலம் மஞ்சளாகிவிடும். மஞ்சள், மறுபடி ஈய அயோடைடு. புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது என்று அர்த்தம். ஈயம் விஷம் வேறு. சிலிக்கான் பேனலுக்கு 25 வருஷம் வாரன்டி தருகிறார்கள். இதைக் கண்ணாடிக்குள் எப்படி சீல் வைப்பது என்பதே ஒரு தனி ஆராய்ச்சி.

2024 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு பி.வி. என்ற கம்பெனி, ஜெர்மனியில் பிராண்டன்பர்க் தொழிற்சாலையில் செய்த பேனல்களை விற்பனைக்கு அனுப்பியது. கீழே சிலிக்கான், மேலே பெரோவ்ஸ்கைட். ஓரங்கட்டும் என்று நான் எழுதியது, சிலிக்கானின் தோளில் ஏறி வந்திருக்கிறது!

பொங்கல் வரை காத்திராமல் நானே ஹெட்மாஸ்டருக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி, "வீட்டு மாடிக்கு இதுக்காகக் காத்திருக்காதீங்க சார். பேசாம சிலிக்கானே போட்டுடுங்க" என்றேன்.

"2019-லயே போட்டாச்சு சார்."

"அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் கேட்டீங்க?"

"நீங்க எப்ப திருத்தி எழுதுவீங்கன்னு பார்த்துட்டு இருந்தேன். நடுவுல கட்டின அஞ்சு வருஷ கரன்ட் பில் உங்க கணக்குலதான் இருக்கு."