எல்லைக் கோட்டின் மேல் ஒரு ரயில்

பெல்பாஸ்ட் நகரின் மருத்துவமனை ஒன்றில் தாதியாகப் பணிபுரியும் மைத்துனி வற்புறுத்தி அழைத்ததன் பேரில், 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாங்கள் இருவரும் வட அயர்லாந்துக்குச் சென்று வந்தோம். ரயில்வே குமாஸ்தா குடும்பம் அந்நிய நாட்டிலும் முதலில் பார்க்க விரும்புவது ரயிலைத்தானே! ஆதலால் ஒரு சனிக்கிழமை காலையில் மைத்துனியையும் அழைத்துக்கொண்டு டப்ளினுக்குப் புறப்பட்டோம்.

அவ்வண்டிக்கு 'என்டர்பிரைஸ்' என்று பெயர். 1947 ஆகஸ்டில், நம் நாடு இரண்டாகப் பிரிந்து விடுதலை பெற்ற அதே மாதத்தில், ஓடத் தொடங்கிய வண்டி அது. அயர்லாந்துத் தீவு அதற்கு முன்பே, 1921இல், பிரிக்கப்பட்டுவிட்டது. வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றன. தெற்கு தனி நாடாயிற்று. எல்லையில் சுங்கச் சோதனைக்காக ரயில்கள் காத்துக் கிடந்தமையால், சோதனையை இரு முனை நிலையங்களிலேயே முடித்துவிட்டு இடையில் நில்லாமல் ஓடட்டும் என்று இவ்வண்டியை ஏற்படுத்தினார்கள். தண்டவாள அகலம் 5 அடி 3 அங்குலம். நமது அகலப் பாதைக்கு 3 அங்குலம் குறைவு. இங்கிலாந்தின் பாதையை விட 6½ அங்குலம் அதிகம். நாட்டைப் பிரித்தவர்கள் தண்டவாளத்தை மட்டும் பிரிக்கவில்லை. வடக்கும் தெற்கும் இன்றும் அதே அகலந்தான்.

வண்டி புறப்பட்டதும் மைத்துனி ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்து வைத்தாள். பொட்டலத்தின் மேல் 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அன்று' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. இல்லாள் அதைப் படித்துவிட்டு, "அப்படியானால் இன்னும் ஒரு மணி நேரத்தில் நாமெல்லாம் குற்றவாளிகளா?" என்று கேட்டாள். எதிரே அமர்ந்திருந்த அம்மையாருக்கு மைத்துனி இதனை மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் வடக்கில் பிறந்து, தெற்கில் டண்டாக் என்னும் ஊரில் வாழ்க்கைப்பட்டவர். தாயைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர். போர்ட்டடௌன் நிலையத்தில் பச்சைக் கழுத்துத்துணி அணிந்த பெரியவர் ஒருவர் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பொட்டலத்தைப் பற்றிய பேச்சு அவர் காதிலும் விழுந்தது. பிறகு எங்களுக்கு வேறு வேடிக்கை வேண்டியிருக்கவில்லை.

பெரியவர் பிரிட்டனோடு இருப்பதையே உயிராகக் கருதும் குடும்பத்தினர். 2016இல் விலகுவதற்கே வாக்களித்தாராம். "சட்டம் செய்பவனை வீட்டுக்கு அனுப்பும் உரிமை எனக்கு வேண்டும், பிரஸ்ஸல்ஸில் இருப்பவனை நான் எப்படி அனுப்புவது?" என்பது அவர் வாதம். அது சிறு வாதம் அன்று. அம்மையாரோ தம் இளமைக் காலத்தைச் சொன்னார். தந்தையின் மோட்டாரைத் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள் நிறுத்திச் சோதித்ததையும், பின் இருக்கையில் தாம் மூச்சு விடாமல் அமர்ந்திருந்ததையும் அவர் சொல்லும்போது குரல் தாழ்ந்தது. மீண்டும் அங்கே சாவடி போடுவார்களோ என்று 2016க்குப் பிறகு பல இரவுகள் உறங்கவில்லையாம்.

"சாவடி உங்கள் பக்கம் வரவில்லை, அம்மணி. எங்கள் பக்கம் வந்துவிட்டது. அதைக் கடலில் போட்டுவிட்டார்கள். இங்கிலாந்திலிருந்து வரும் என் தோட்டத்துச் செடிக்குக்கூடக் காகிதம் கேட்கிறார்கள். சொந்த நாட்டுக்குள்ளேயே எனக்குச் சுங்கம்!" என்றார் பெரியவர். அம்மையார் உடனே மறுமொழி சொல்லவில்லை. எங்களுக்கும் அது தைத்தது. தமக்கும் தம்மவருக்கும் நடுவே கோடு விழக்கூடாது என்பதே இருவர் வழக்கும்.

அவ்வழக்கின் அடியில் உள்ளது இதுதான். பிரிட்டன் ஒன்றியத்தின் சந்தையை விட்டு வெளியேறினால் சரக்குச் சோதனை எங்கேனும் ஓரிடத்தில் நடந்தாக வேண்டும். நிலத்தில் நடந்தால் அம்மையாருக்கு வலி; கடலில் நடந்தால் பெரியவருக்கு வலி. வாக்குக் கேட்ட தலைவர்களில் எத்தனை பேர் இதனை ஜனங்களிடம் தெளிவாகச் சொன்னார்கள்? கடலில் கோடு விழுவதை எந்தப் பிரதமரும் ஏற்க முடியாது என்று 2018இல் தெரீசா மே அம்மையார் அறிவித்தார். அவருடைய உடன்படிக்கையைப் பாராளுமன்றம் 2019 ஜனவரி 15 அன்று 432க்கு 202 என்று வீழ்த்தியது. போரிஸ் ஜான்சனும் 2018இல் பெல்பாஸ்டுக்கே வந்து அப்படியே முழங்கினார். மறு ஆண்டு அக்டோபரில் பிரதமராக அதே கடற்கோட்டுக்கு இசைந்தார். அதனை எதிர்த்து, பிரிட்டன் சார்புடைய பெரிய கட்சி விலகி நின்றதால் வட அயர்லாந்து 2022 பிப்ரவரி முதல் ஈராண்டுக் காலம் மாகாண அரசு இன்றி நடந்தது. 2023இல் ரிஷி சுனக் செய்துகொண்ட வின்ட்ஸர் ஏற்பாடு சோதனைகளைக் குறைத்தது. நாங்கள் கண்ட பொட்டலத்தின் வாசகம் அதன் விளைவே.

நியூரி நகரை அணுகும்போது வண்டி 18 வளைவுகள் கொண்ட கிரேக்மோர் கற்பாலத்தின் மேல் சென்றது. 1852இல் கட்டி முடிக்கப்பட்ட பாலம். கீழே பசும்புல் வெளியும் ஆடுகளும். அதற்கப்பால் உள்ள பாதையில்தான் கலக காலத்தில் ஓயாமல் குண்டு வைத்தார்கள். 1989இல் இரு புறத்து ஜனங்களும் கூடிச் 'சமாதான ரயில்' என்று ஒன்றை ஓட்டி, எங்கள் பாதையை விட்டுவிடுங்கள் என்று வேண்டினார்களாம். ரயில்வேக்காரர் எவரும் அவ்விடத்தைச் சும்மா கடந்துவிட முடியாது.

அக்கலகத்தில் 3,500 பேருக்கு மேல் மாண்டனர். அதனை முடித்தது 1998ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளி உடன்படிக்கை. அப்போதும் வாக்கெடுப்பு நடந்தது; ஆனால் வாக்குக்கு முன்பே உடன்படிக்கை முழுவதையும் அச்சிட்டு வீடுதோறும் சேர்ப்பித்தார்கள். அதைப் படித்து, வடக்கில் 71 சதவிகிதத்தினர் சம்மதம் தந்தார்கள். 2016இல் கேட்டதோ இருப்பதா, விலகுவதா என்ற ஒற்றைக் கேள்வி. எப்படி விலகுவது என்பதற்கு ஒரு வரியும் கிடையாது. நாடு முழுவதிலும் 51.9 சதவிகிதம் விலக என்றது; வட அயர்லாந்தில் 55.8 சதவிகிதம் இருக்க என்றது. கேள்வி கேட்ட டேவிட் காமரன் மறுநாளே பதவி துறப்பதாகச் சொல்லிவிட்டார்.

1998இல் தம் தம் கட்சியாரிடம் 'நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியது இவ்வளவு' என்று சொல்லத் துணிந்தவர்களுள் ஜான் ஹியூமும் டேவிட் டிரிம்பிளும் முதன்மையானவர். இருவருக்கும் அவ்வாண்டே நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. 2003 தேர்தலில் அவர்கள் கட்சிகள் இரண்டும் தத்தம் பகுதியில் முதலிடத்தை இழந்தன. 2005இல் டிரிம்பிள் தம் பாராளுமன்ற ஆசனத்தையும் இழந்தார். உண்மை பேசியதற்கு இது கூலி என்று சொன்னால் பெரியவர் ஒப்பமாட்டார். டிரிம்பிள் அளவுக்கு மீறிக் கொடுத்துவிட்டார் என்பது அவர் கட்சி. ஆயினும், "அவர் எங்களிடம் பொய் சொல்லவில்லை" என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

எல்லை எப்போது வந்தது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. பலகை இல்லை, சாவடி இல்லை. இல்லாளின் கைபேசிதான் மணி அடித்து, வேறு நாட்டுக்கு வந்துவிட்டதாகச் சொல்லிற்று. பக்கத்துச் சாலையில் வேக அளவு மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறிவிடும் என்றார் அம்மையார். சில நாட்களில் டண்டாக்கில் காவலர் ஏறிப் பிரயாணச் சீட்டுகளை அன்றிப் பிரயாணிகளைப் பார்ப்பதுண்டாம். நிறத்தைப் பார்த்துக் கேட்பதாகவும் சொல்கிறார்கள். எங்களிடம் இரு நாட்டுக்கும் செல்லும் விசா இருந்தது. அன்று எவரும் கேட்கவில்லை.

டண்டாக்கில் அம்மையார் இறங்கினார். பெரியவர் எழுந்து அவர் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். பிறகு, பச்சைத் துணி எதற்கு என்று வினவினோம். டப்ளினில் அன்று பிரான்ஸுடன் ரக்பிப் பந்தயமாம். அந்த ஆட்டத்தில் வடக்குக்கும் தெற்குக்கும் சேர்த்து ஒரே அணி. அரசியலில் பிரிட்டன்காரரான அவர், ஐம்பது ஆண்டுகளாக அயர்லாந்துக்காகவே தொண்டை கிழியக் கத்துகிறவர். இது எப்படிப் பொருந்தும் என்று மைத்துனி கேட்டாள். "ஏன் பொருந்தாது?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு ஜன்னலை நோக்கித் திரும்பிக்கொண்டார்.

அன்று அயர்லாந்து 27க்கு 42 என்று தோற்றது. இரவு வண்டியில் அவரைத் தேடினோம், காணவில்லை.