வலியாரும் மெலியாரும்

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் பெருங்கப்பல் ஒன்று கரையணையும் காட்சி கருத்தூன்றிக் காணத்தக்கது. மலையென மிதந்து வரும் அக்கப்பலைத் தள்ளியும் இழுத்தும் கரைசேர்ப்பவை, அதன் நிழலுக்குள் அடங்கிவிடும் சிறு இழுவைப் படகுகளே. உருவின் சிறுமை கண்டு எவரையும் இகழலாகாது என்பதற்கு வள்ளுவர் தேரின் அச்சாணியைச் சான்று காட்டினார். துறைமுக நகரத்து மாணவனுக்கு இப்படகுகளே போதிய சான்றாகும்.

அந்நகரத்து மாணவன் ஒருவன் சதுரங்கப் போட்டிக்குச் செல்கிறான் என்று கொள்வோம். எதிரே அமர்ந்திருப்பவன் மாநில வெற்றிவீரன். முதற்காயை நகர்த்துமுன்னரே மாணவனின் உள்ளம் தோற்றுவிடுகிறது. அவனுக்கு ஆசிரியர் கூறத்தக்கது யாது? ‘நீயே வெல்வாய்’ என்பது பொய். ‘தோற்றால் என்ன’ என்பது வெற்று ஆறுதல். அவனுக்கு வேண்டுவது உண்மை வரலாறு ஒன்று.

1962ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில், உலகச் சதுரங்கப் பட்டத்திற்கான தகுதிச் சுற்று ஒன்று நடைபெற்றது. 23 பேர் ஆடினர். பர்மாவில் 1935இல் பிறந்து தமிழகத்தில் வளர்ந்த மனுவேல் ஆரோன் அவர்களுள் ஒருவர். முந்திய ஆண்டில்தான் அவர் அனைத்துலக மாஸ்டர் பட்டம் பெற்றிருந்தார். இந்தியாவில் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. எதிர்நின்றோருள் பலர் அதனினும் உயர்ந்த கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றவர்கள்.

முடிவு எதிர்பார்த்தவாறே அமைந்தது. 18 வயதுப் பாபி பிஷர் முதலிடம் பெற்றார். ஆரோன் இறுதியிடம் பெற்றார். ஆயினும், அதே போட்டியில் ஹங்கேரியின் போர்ட்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் ஊல்மனையும் அவர் வென்றார். இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள். அடுத்த கட்டத்திற்கு ஆறு பேரே தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவ்விருவருக்கும் அதில் இடம் கிட்டவில்லை.

இவ்வெற்றிகள் ஆரோனை இறுதியிடத்தினின்று உயர்த்தவில்லை என்பது மெய். இறுதியிடம் அவ்வெற்றிகளை அழித்துவிடவில்லை என்பதும் மெய்யே. சதுரங்கப் பலகையில் இருவர்க்கும் பதினாறு காய்களே உரியன. புகழுக்கெனப் பதினேழாவது காய் எவருக்கும் வழங்கப்படுவதில்லை. வலியவன் பிழைசெய்யும் கணம் அரிதாகவே வரும். விழித்திருப்பவன் அதனைப் பற்றிக்கொள்கிறான். முன்னரே மனந்தளர்ந்தவன் கண்ணுக்கு அது புலப்படுவதில்லை.

ஆரோன் பின்னரும் ஆடுதலைக் கைவிட்டாரல்லர். 1959 முதல் 1981 வரையிலான காலத்தில் ஒன்பது முறை இந்தியாவின் தேசிய வெற்றிவீரரானார்.

ஆகவே, அம்மாணவனிடம் ஆசிரியர் இங்ஙனம் கூறலாம்: “உன்னினும் வலியவன் அவன், அதனை ஒப்புக்கொள். ஆனால், ஆட்டம் முடியுமுன் தோல்வியை ஒப்புக்கொள்ளாதே. ஒவ்வொரு காயையும் ஆராய்ந்து நகர்த்து. தோற்றாலும், எந்த நகர்த்தலில் தோற்றாய் என்று அறிந்து எழு.”

அவ்வாறு அறிந்து எழுபவன் அடுத்த ஆட்டத்திற்கு ஒரு படி உயர்ந்தே அமர்வான்.