பில்லர் வழியாக வரும் வெயில்

எரிகிற விறகின் மறுமுனையைக் கையில் பிடிக்கலாம். உலையில் கிடக்கும் இரும்புக் கம்பியின் மறுமுனையைப் பிடிக்க முடியுமா? சுவாமிமலையில் பிறந்தவனுக்கு இது பாடப்புத்தகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, உலோகம் வார்க்கும் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள் நாங்கள். "தம்பி, மரத்த நம்பு, கம்பிய நம்பாதே" என்பார் எங்கள் தெருப் பட்டறை மாமா.

கட்டடத்துக்குள்ளும் அந்தக் கம்பி இருக்கிறது நண்பர்களே! வெப்பத்தைத் தடுக்கும் சுவருக்கு நடுவே, தடுக்காத பொருள் ஒன்று வெளியிலிருந்து உள்ளே வரை நீண்டிருந்தால் அதற்கு வெப்பப் பாலம் என்று பெயர். நம் ஊர்க் கடைகளில் அது பெரும்பாலும் கான்கிரீட் பில்லரும் பீமும்தான்.

என் அக்கா கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். நிற்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். 2021-ல் தமிழக அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. ஸ்டூல் வந்தது, மேற்குச் சுவர்ப் பில்லரை ஒட்டி. "ஏ.சி. கடைன்னு பேருடா. ராத்திரி ஏழு மணிக்கும் அந்தப் பில்லர்ல முதுகு சாய முடியல. பக்கத்துச் சுவரு ஜில்லுன்னு இருக்கு. இதுக்கு நின்னுட்டே போயிடலாம்" என்றாள். ஏழு மணிக்கு ஏது வெயில்? கான்கிரீட் பிற்பகல் வெயிலை வாங்கி, சில மணி நேரம் வைத்திருந்துதான் உள்ளே தருகிறது.

இத்தனைக்கும் சுவர் ஏ.ஏ.சி. பிளாக். காசு செலவழித்துக் கட்டியதுதான். கணக்குப் போட்டேன். ஏ.ஏ.சி. பிளாக்கின் வெப்பங்கடத்து எண் சுமார் 0.16, கான்கிரீட்டுக்கு 1.6, அதாவது பத்து மடங்கு. இரண்டும் 200 மி.மீ. கனம், இருபுறக் காற்றுப் படலத்தின் தடையையும் சேர்த்தால், ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் பிளாக் சுவர் 0.7 வாட் விடுகிறது, கான்கிரீட் 3.4 வாட். சுவர்ப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு கான்கிரீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு பங்கு வழியாகவே மொத்த வெப்பத்தில் பாதிக்கு மேல் வந்துவிடுகிறது! பிளாக் வாங்கின காசுல பாதிப் பலன் பில்லரோட போச்சு.

குளிர் நாட்டுப் புத்தகங்கள் உள்ளே இருக்கும் சூடு பால்கனி வழியாக வெளியே போவதைப் பற்றித்தான் அதிகம் பேசுகின்றன. நமக்கு நேர் எதிர். லிண்டலோடு சேர்த்து வார்க்கும் சன்ஷேடும் வெயிலில் காய்ந்து சூட்டை உள்ளே தள்ளும். ஆனால் அது தரும் நிழலின் லாபம் பெரிது. சன்ஷேடு வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். அலுமினியச் சட்டம்தான் மோசம். கான்கிரீட்டைவிட நூறு மடங்கு வெப்பம் கடத்தும். சட்டத்தை உள், வெளி என்று இரண்டாகப் பிரித்து நடுவே பாலியமைடு பட்டை வைத்த வகை இப்போது கிடைக்கிறது.

வணிகக் கட்டடங்களுக்கென்று மத்திய அரசு 2007-ல் எரிசக்தி சேமிப்பு விதிகள் கொண்டுவந்து 2017-ல் திருத்தியது. ஆனால் அது 100 கிலோவாட், அதற்கு மேல் மின்பளு உள்ள கட்டடங்களுக்குத்தான். சின்னக் கடைகளை வரைபடம் போடுகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதாவது நாளைக்கு நாம்.

வரைபடத்திலேயே பில்லரை 100 மி.மீ. உள்ளே தள்ளி, வெளிப்புறம் பிளாக்கால் மூடிவிடலாம். "கடைக்குள்ள நாலு இஞ்சு போச்சே" என்று முதலாளி முகம் சுளிப்பார். கரண்ட் பில்லை எடுத்து நீட்டுங்கள். கட்டி முடித்த கடைக்கு, மேற்குப் பில்லர்களின் வெளிப்பக்கம் காற்று போக இடைவெளி விட்டு ஒரு தகட்டு மறைப்பு கட்டலாம். அதைப் பிடிக்கும் இரும்புக் கிளாம்பும் ஒரு குட்டிப் பாலம்தான்; எண்ணிக்கையைக் குறைத்து, அடியில் ரப்பர் வாஷர் கொடுத்தால் போதும். அதுவரை ஸ்டூலை நாலடி தள்ளிப் போட ஒரு பைசா செலவில்லை.