வளைகிற கம்பு

தஞ்சாவூர்க்காரன் எந்தச் சாமானை வாங்கினாலும் முதலில் தட்டிப் பார்ப்பான். பானையைத் தட்டுவான், தேங்காயைத் தட்டுவான், பலாப்பழத்தைத் தட்டுவான். சில வீடுகளில் மாப்பிள்ளையைக்கூட இரண்டு குறுக்குக் கேள்வி போட்டுத் தட்டிப் பார்ப்பது உண்டு. தட்டிப் பார்த்துப் பயனில்லாத சாமான் ஒன்று உண்டென்றால் அது தூண்டில் கம்புதான். அதை வளைத்துப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் வளைகிறது, எவ்வளவு வளைகிறது, விட்டதும் எத்தனை சுருக்காக நிமிர்கிறது – கம்பின் ஜாதகம் முழுவதும் இந்த மூன்றில் அடங்கிவிடும்.

காவேரிக் கரையில் பிறந்தவர்களுக்குத் தூண்டில் என்பது காசு கொடுத்து வாங்குகிற சாமானாகவே இருந்ததில்லை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறந்தால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். (வருண பகவான் மனம் வைத்தால்தான் அந்தத் தேதி. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காக்க வைத்தார்கள்.) தண்ணீர் வாய்க்காலில் ஏறுவதற்குள் பையன்கள் மூங்கில் கொல்லையில் நுழைந்திருப்பார்கள். விரல் பருமனில் ஒரு கெட்டி மூங்கில், நெருப்பில் வாட்டி நிமிர்த்தி, நிழலில் காயப் போட்டது. கம்பு நீளத்துக்கு நரம்பு. மிதப்புக்கு ஒரு துண்டு நெட்டி. கோயில் கோபுரமும் யானையுமாகச் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்களே, 2020-இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்ததே, அதே தஞ்சாவூர் நெட்டிதான். அதற்குக் கீழே ஒரு முள், முள்ளில் மண்புழு. மொத்தச் செலவு, முள்ளுக்கும் நரம்புக்கும் கொடுத்த காசு.

இப்போது வந்திருப்பது வேறு தினுசு. கிராங்க்பெயிட் என்று பெயர். விரல் நீளத்தில் பிளாஸ்டிக்கிலோ மரத்திலோ ஒரு குண்டு மீன்; வயிற்றில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக மும்முனை முள்; மோவாய்க்கட்டையில் நாக்கு நீட்டினாற்போல் ஒரு தகடு. தண்ணீரில் போட்டால் மிதக்கும். நரம்பைச் சுற்றி இழுத்தால், அந்தத் தகடு தண்ணீரை வெட்ட, தலைகுப்புற இறங்கி உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு வரும். நம் ஊர்த் தலையாட்டிப் பொம்மையைப் படுக்க வைத்து இழுத்தால் எப்படியோ அப்படி. இழுப்பதை நிறுத்தினால் மேலே வந்துவிடும். தகடு குட்டையாக இருந்தால் மேலாகவே நீந்தும். நீண்டு முன்னால் படுத்திருந்தால் ஆழத்துக்குப் போகும். பின்லாந்து தேசத்தில் லௌரி ராப்பலா என்ற மீனவர் 1936-இல் தக்கையைச் செருப்புத் தைக்கிற கத்தியால் சீவி, சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை ஒட்டி ஒரு பொம்மை மீன் செய்தார். அதை இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லலாம்.

இந்தப் பொம்மை மீனுக்கு ஏற்ற கம்பு ஒன்று வாங்க வேண்டும் என்று என் தங்கை மகன் ஆவணி மாசம் ஒருநாள் வந்து நின்றான். தகப்பன் இல்லாத பையன். பாலிடெக்னிக்கில் படிக்கிறான். தங்கை சீட்டு எடுத்த பணத்திலிருந்து 3,000 ரூபாயை எண்ணி என் கையில்தான் கொடுத்தாள்.

"இதுக்கு மேல ஒரு பைசா கெடயாதுண்ணே. அவன் கையில குடுத்தா ஐயாயிரத்துக்குக் கடன் சொல்லிட்டு வந்து நிப்பான். அப்புறம், கரையில நின்னு போடறதா இருந்தாத்தான். மணல் அள்ளின பள்ளம் எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியுது?"

அவள் பயம் நியாயமானது. கொள்ளிடத்தில் குளிக்கப் போன பிள்ளைகள் திரும்பி வராத வீடுகள் எங்கள் பக்கத்தில் உண்டு.

பையனிடம் வேறொரு கணக்கு இருந்தது. அவனுடைய சிநேகிதர்கள் எல்லோரும் கார்பன் கம்பு வைத்திருக்கிறார்கள். விறைப்பாக, ஈர்க்குச்சி எடையில், சாட்டை மாதிரி வீசுகிறது. கம்பு மட்டுமே 4,500 ரூபாய். "அது இல்லேன்னா விரால் நிக்காது மாமா" என்றான்.

சிநேகிதர்கள் சொன்னது பொய் அல்ல. அது வேறு காரியத்துக்குச் சொன்ன வார்த்தை. அவர்கள் போடுவது ரப்பர்த் தவளை. அல்லிக்கும் ஆகாயத்தாமரைக்கும் மேலே அதைத் தாவவிட்டு, விரால் கவ்வியதும் வெடுக்கென்று சுண்ட வேண்டும். விராலின் வாய் எலும்பு. தவளையின் முள் பெரியது. போதாததற்கு மீனைப் பாசியோடு சேர்த்துப் பிடுங்கி எடுக்க வேண்டும். அதற்கு விறைத்த கம்பும் நீளாத பின்னல் நரம்பும் வேண்டியதுதான். கிராங்க்பெயிட்டுக்கு அது அத்தனையும் தலைகீழ். இங்கே முள் சின்னது, மெல்லியது. இரை ஓடிக்கொண்டே இருக்கிறது. மீன் பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வந்து கவ்வுகிறது. கம்பு விறைப்பாக இருந்தால் மீன் வாயை மூடுவதற்குள் இரையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். தப்பித் தவறி மாட்டினாலும், மீன் ஒரு தரம் தலையை உதறினால் சின்ன முள் சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். கம்பு நடுவரையில் வளைந்து கொடுத்தால், அந்த ஒரு நொடி தாமதத்தில் மீன் இரையை முழுவதும் வாங்கிக்கொள்கிறது. உதறலையும் கம்பே விழுங்கிக்கொள்கிறது.

இப்படி வளைவது கண்ணாடி இழைக் கம்பு. கார்பனைவிட அது கனம், பார்வைக்கும் கொஞ்சம் பட்டிக்காடு. ஆனால் விலை நான்கில் ஒரு பங்கு! நரம்பு விஷயமும் இப்படியே. பின்னல் நரம்பு வேண்டாம். கொஞ்சம் நீண்டு கொடுக்கும் சாதாரண நைலான் நரம்பே இதற்கு உத்தமம், அதுதான் மலிவும்கூட. ரீலும் வேகமாகச் சுற்றுவதாக இருக்க வேண்டியதில்லை. நிதானமாகச் சுற்றுவதற்குத்தான் இழுவை அதிகம். ஏழைக்கு வாங்க முடிந்ததும் காரியத்துக்கு ஏற்றதும் ஒன்றாகவே அமைவது உலகத்தில் அபூர்வம். மருந்தில் அமைவதில்லை, படிப்பில் அமைவதில்லை, கல்யாணச் சத்திரத்தில் நிச்சயமாக அமைவதில்லை.

கம்பின் சரித்திரத்தைப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த ஹென்றி ஸல்லிவன் தாமஸ் என்ற துரை இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873-இல் ஒரு புத்தகமே எழுதினார். அந்தக் காலத்தில் மூங்கிலைப் பட்டையாகச் சீவி ஒட்டிக் கம்பு செய்த மேல்நாட்டார் முதலில் தேடியது கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய நம் நாட்டு மூங்கிலைத்தான். பிறகு டோங்கின் என்ற சீனத்து மூங்கில் வந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு கண்ணாடி இழை, 1970-களில் கார்பன். கண்ணாடி இழையின் வளைவு மூங்கிலுக்குப் பக்கத்து வீடு. நம் வாய்க்கால் பையன்கள் கையில் இருந்த குணம்தான் சுற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

இதையெல்லாம் பையனுக்குச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டான், நம்பவில்லை. அவனை அசைத்தது வேறு விஷயம்.

எங்கள் பக்கத்தில் வாய்க்கால் கரை நெடுக பம்ப்செட்டுக்குப் போகிற மின்கம்பிகள் ஓடுகின்றன. வெயில் காலத்தில் தொய்ந்து, சில இடங்களில் வைக்கோல் வண்டி போகவே பயப்பட வேண்டும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். அதனால்தான் கார்பன் கம்புகளில் மின்கம்பிக்குக் கீழே வீசாதே என்று எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுகிறார்கள். அந்தச் சீட்டை முதல் நாளே கிழித்துப் போடுவது நம் வழக்கம். கண்ணாடி இழை அப்படிக் கடத்தாது. ஆனால் நனைந்துவிட்டால் எதையும் நம்பக் கூடாது. கம்பி இருக்கிற இடத்தை விட்டு விலகி நிற்பதே முறை. நான் இதைச் சொன்னபோது பையன் பேசவில்லை. வாசலில் தாயார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி மாமா, கண்ணாடியே பார்ப்போம்" என்றான்.

கீழவாசல் பக்கம் வலையும் கயிறும் விற்கிற ஒரு கடை. கடைக்காரர் முதலில் நீட்டியது, குடை மாதிரி ஒன்றுக்குள் ஒன்று அடங்கி முழ நீளத்துக்குச் சுருங்குகிற கம்பு. 600 ரூபாய். பஸ்ஸில் கொண்டுபோக சுகம்தான். ஆனால் அத்தனை மூட்டு இருந்தால் வளைவு எப்படிச் சீராக வரும்? மூட்டுக்கு மூட்டு விறைத்து நிற்கும். மணல் புகுந்தால் மூடாது. வேண்டாம் என்றேன். இரண்டு துண்டாகப் பொருத்துகிற ஏழடிக் கம்பைக் கேட்டு வாங்கினோம். கைப்பிடிக்கு மேலே சின்ன எழுத்தில், எத்தனை கிராம் எடையுள்ள இரையை வீசலாம் என்று போட்டிருக்கும். கடையில் பாதிப்பேர் படிக்காத எழுத்து அது. ஐந்திலிருந்து இருபது கிராம் வரை என்று இருந்தது, சரி.

நுனியைக் கடைக்காரரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி நான் அடியைத் தூக்கினேன். நுனியில் மட்டும் மடங்கினால் நமக்கு ஆகாது; அடிவரை தொளதொளவென்று போனாலும் வீச்சு வராது. இது நுனியிலிருந்து நடுவரை வில்லாக இறங்கி அங்கே நின்றது. விட்டதும் இரண்டு ஆட்டம் ஆடி அடங்கியது. பிறகு கொஞ்சம் பஞ்சு கேட்டேன். "காதுக்கா சார்?" என்றார் கடைக்காரர். நரம்பு ஓடுகிற வளையங்களுக்குள் பஞ்சை விட்டுச் சுற்றினால், கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் பஞ்சு இழை பிடித்துக்கொள்ளும். அந்தக் கீறல் நரம்பை அறுத்துவிடும். மூன்றாவது வளையத்தில் இழை நின்றது. கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் வேறு கம்பு எடுத்துக் கொடுத்தார். அதில் பஞ்சு வழுக்கிக்கொண்டு ஓடியது.

கம்பு 1,150. ரீல் 1,100. நரம்பு 200. குட்டைத் தகடு வைத்த பொம்மை மீன் இரண்டு, 360. முள்ளைக் கழற்ற ஒரு மூக்குக் குறடு 150. இதை வாங்காமல் வருகிறவர்கள் மும்முனை முள்ளை முதலில் தங்கள் விரலில்தான் கழற்றப் பழகுகிறார்கள். மிச்சம் 40 ரூபாய்க்கு ஆளுக்கொரு காபி சாப்பிட்டோம்.

அதன் பிறகு இரண்டு மாசம் ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை. ஆற்றில் செங்காவியாகப் புதுத் தண்ணீர். பொம்மை எத்தனை நடனம் ஆடினால் என்ன, பார்க்கிற கண் வேண்டுமே! குளங்களிலோ ஆகாயத்தாமரை. அதில் இந்த ஆறு முனையும் மாட்டினால் நரம்பைக் கடித்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். ஒன்று அப்படித்தான் போயிற்று. டெல்டாவின் நீர்நிலைகளில் பாதிக்குமேல் தவளைக்காரர்களின் ராஜ்யம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கிராங்க்பெயிட்டுக்கு நம் ஊரில் இடம், மதகுக்குக் கீழே தெளிந்து நிற்கிற மடுவும், பாசி இல்லாத வாய்க்கால் வளைவும், கொடுவா ஏறி வருகிற முத்துப்பேட்டைக் கழிமுகமும்தான்.

ஐப்பசி மழையில் பெரிய வாய்க்காலில் செக்கச் செவேலென்று ஒரு திட்டு நகர்ந்தது. விரால் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில் ஒரே பந்தாக. கீழே தாய் தகப்பன் காவல் நிற்கும். அந்த நேரத்தில் எது கிட்டே வந்தாலும் பசிக்காக அல்ல, கோபத்தில் வந்து கவ்வும். குழந்தைகூடப் பிடித்துவிடலாம். பிடித்துவிட்டால் குஞ்சுகள் அன்றைக்கே மற்ற மீன்களுக்கு இரை. சிநேகிதர்கள் "போடுடா, போடுடா" என்றார்கள். பையன் ரீலைத் தொடாமல் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றானாம். இரண்டு மாசமாக ஒரு மீனும் இல்லாத பையன்! இதை அவன் எனக்குச் சொல்லவில்லை. சிநேகிதன் ஒருவன் கேலியாகச் சொன்னான்.

ஜனவரி 28-இல் மேட்டூரை மூடினார்கள். மாசியில் வெண்ணாற்று மதகுக்குக் கீழே மடு கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. நானும் கூடப் போயிருந்தேன். எதிர்க்கரையில் ஒரு கிழவர் மூங்கில் கம்பும் மண்புழுவுமாகக் குந்தியிருந்தார். பக்கத்தில் பனையோலைக் கூடையில் கெளுத்தியும் குறவையும் நெளிந்தன. பையன் ஏழாவதோ எட்டாவதோ தரம் வீசிச் சுற்றிக்கொண்டு வரும்போது கம்பு நடுவரை இறங்கிற்று. இழுக்கவில்லை, சுண்டவில்லை, கம்பை அதன்பாட்டுக்கு வளையவிட்டு நிதானமாகச் சுற்றினான். அரைக் கிலோ இருக்கும், விரால். தலையை உதறோ உதறென்று உதறிற்று. முள் நின்றது.

கிழவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி இந்தப் பக்கம் வந்துவிட்டார். மீனைப் பார்க்கவில்லை. கம்பை வாங்கி நுனியைப் பிடித்து வளைத்தார்.

"மூங்கில் கணக்காத்தான் இருக்கு. என்ன வெலை தம்பி?"

"ஆயிரத்து நூத்தம்பது, தாத்தா."

"அடேயப்பா!" என்று கம்பை இன்னொரு தரம் வளைத்தார். "ஒரு தடவ நான் போட்டுப் பாக்கட்டுமா?"

போட்டார். மிச்சமிருந்த ஒரே பொம்மை மீன் மடுவைத் தாண்டி, எதிர்க்கரைக் காட்டாமணக்குப் புதரில் போய் உட்கார்ந்தது.