தேய்மானம்

பி.காம். படித்தவர்களுக்கு ‘தேய்மானம்’ என்ற வார்த்தை முதல் வருஷமே அறிமுகமாகிவிடும். பத்து லட்ச ரூபாய்க்கு ஒரு மெஷின் வாங்குகிறீர்கள். வருஷத்துக்கு ஒரு லட்சம் கழித்துக்கொண்டே வாருங்கள். பத்தாவது வருஷம் புத்தகத்தில் அதன் மதிப்பு பூஜ்யம். மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். ஆனால், கணக்குப்படி அது செத்துப்போச்சு! நேர்க்கோட்டு முறை, குறைந்துசெல் மதிப்பு முறை என்று இதில் இரண்டு வழி உண்டு. எந்த வழியில் போனாலும், போன மதிப்பு போனதுதான்.

இதே வார்த்தையை டாக்டர்களும் தத்தெடுத்துக்கொண்டார்கள். எக்ஸ்-ரேயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, “தேய்மானம் இருக்கும்மா” என்கிறார்கள். சொல்பவருக்கு அது அரை நிமிஷ வேலை. கேட்பவருக்கோ, ஓடினால் தேயும், ஓடாமல் இருந்தால் கொஞ்ச நாள் தள்ளும் என்று தன் உடம்பே ஒரு பழைய மெஷினாகிவிடுகிறது.

சிவகிரியில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 2023 கடைசியில் அந்த வார்த்தை கிடைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலை கொல்லைப்புறத்தில் நிற்கிற ஊர் சிவகிரி. 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டம், அப்புறம் தென்காசி மாவட்டம். பெரியம்மாவுக்கு அறுபத்தியொரு வயசு. பன்னிரண்டு வயசில் மடியில் ஏறிய பீடித்தட்டு இறங்கவே இல்லை. இலை, தூள், கத்தரி, நூல். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு ஐந்நூறு பீடி. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்ததும், பையனை பாலிடெக்னிக் சேர்த்ததும் அந்தத் தட்டுதான்.

“இடுப்பு ஒடியுதுய்யா. ராத்திரி ஒருக்களிச்சுப் படுக்க முடியல. எந்திரிச்சா நாலு எட்டு நொண்டிக்கிட்டுத்தான் போறேன்” என்று போனில் சொன்னார். வழக்கமான வைத்தியம் எல்லாம் வரிசையாக நடந்திருக்கிறது. தைலம் போட்டு நீவியாச்சு. கால் முதலில் வந்து பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விட்டுப்போகும் என்பார்களே... அப்படி ஒருத்தரைத் தேடிப்பிடித்து மிதிக்கச் சொல்லியாச்சு. சீசனுக்குக் குற்றாலம் போய், அருவிக்கு இடுப்பைக் காட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்றாச்சு. (அருவியில் நின்றால் உடம்பு லேசாவது உண்மைதான். வீடு திரும்பும் வரை இருக்கும்.) கடைசியாக வெளியூரில் ஓர் ஆஸ்பத்திரி. முதுகை எக்ஸ்-ரே எடுத்தார்கள். தண்டுவடத்தில் தேய்மானம். குனியக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது, குடம் தூக்கக் கூடாது. ஒரு பெல்ட், ஒரு மாத மாத்திரை.

மாத்திரை தீர்ந்தது. வலி தீரவில்லை. தரையில் உட்காரக் கூடாது என்றால் பீடி கிடையாது. பீடி கிடையாது என்றால் வாரக் கூலி கிடையாது. நாற்பத்தொன்பது வருஷமாகத் தன் காசில் வெற்றிலை வாங்கியவர், மருமகள் கையை எதிர்பார்த்துக் கட்டிலில் உட்கார்ந்தார். மருமகள் தங்கமானவள். ஆனாலும் பெரியம்மா அவளிடம் ஒரு காபி கேட்கவே யோசித்ததை நானே பார்த்தேன்.

இங்கே நம் மொழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தமிழில் ‘இடுப்பு’ என்பது ஒரு பெரிய பேட்டை. சேலை செருகுவது இடுப்பில். குழந்தையைத் தூக்கி வைப்பது இடுப்பில். குனிந்து நாற்று நட்டால் வலிப்பது இடுப்பு. நிறைமாதக்காரிக்கு ‘இடுப்பு வலி’ எடுத்தால் அது பிரசவ வலி. இடையும், அடி முதுகும், தொடையெலும்பு போய்ச் சேரும் மூட்டும் நமக்கு ஒரே பெயர்தான். “இடுப்பு வலிக்குது” என்று நாம் சொல்ல, எழுதுகிறவர் ‘முதுகு வலி’ என்று எழுத, படம் முதுகை எடுக்கிறது. அறுபது வயசு முதுகைப் படம் பிடித்தால் தேய்மானம் தெரியாமல் என்ன செய்யும்? தலையைப் படம் எடுத்தால் நரை தெரிகிற மாதிரிதான்.

வலி எங்கே என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. தொடையெலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறதே, அந்த மூட்டுதான் நிஜமான இடுப்பு மூட்டு. அது கெட்டால் பெரும்பாலும் வலி முன்பக்கம், தொடையும் வயிறும் சேரும் மடிப்பில் வரும். தொடை வழியாக இறங்கி முழங்காலில்கூட வலிக்கும். இடுப்பு கெட்டிருக்க, முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பவர்கள் உண்டு. பின்பக்கம், பிட்டத்துக்கு மேலே வலித்தால் அடி முதுகைச் சந்தேகப்படலாம். பக்கவாட்டில், கையை வைத்தால் தட்டுப்படும் அந்த எலும்பு மேட்டில் வலித்தால், அது மூன்றாவது ரகம்.

பெரியம்மாவுக்கு இதைக் கண்டுபிடித்துச் சொன்னது, பக்கத்து வீட்டுக்கு வந்த ஒரு பெண். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பிரஷர், சுகர் மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டு வாசலுக்கு வந்தது. (ஃபிசியோதெரபிக்கு அரசாங்கத் தமிழ் அதுதான்.) பக்கவாதம் வந்த பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குக் கை, காலை அசைக்கச் சொல்லித்தர வந்தவரை, பெரியம்மா வாசலில் மறித்துவிட்டார். பொங்கல் லீவுக்குப் போயிருந்த நானும் திண்ணையில்தான் இருந்தேன்.

“ஆச்சி, ஒரே விரலை வெச்சு, வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டுங்க.”

“நான் ஒனக்கு ஆச்சியா? எம் மூத்த மக வயசுதான் இருக்கும் ஒனக்கு” என்றபடியே, பெரியம்மா வலது இடுப்பின் பக்கவாட்டு மேட்டைத் தொட்டார். முதுகு பக்கம் விரல் போகவே இல்லை! இத்தனை நாள் அவரை யாரும் தொட்டுக் காட்டச் சொல்லவில்லை.

அடுத்து, “உட்கார்ந்துக்கிட்டு, வலது கால் மெட்டியைத் தொடுங்கம்மா” என்றார். சுலபமாகத் தொட்டார். மூட்டே இறுகிப்போயிருந்தால் மெட்டியைத் தொடுவதும், நகம் வெட்டுவதும், கொலுசு மாட்டுவதும் பெரும்பாடாக இருக்குமாம். அப்புறம், சுவரை லேசாகப் பிடித்துக்கொண்டு வலது காலில் மட்டும் நிற்கச் சொன்னார். பத்து எண்ணுவதற்குள் “அம்மாடி” என்று மேட்டில் கையை வைத்துவிட்டார் பெரியம்மா. மறுபக்க இடுப்பு லேசாகக் கீழே சரிந்ததை அந்தப் பெண் எனக்குக் காட்டினார். ஜெர்மன் சர்ஜன் ட்ரெண்டலென்பர்க் 1895-ல் எழுதிவைத்த சோதனை அது. இன்றைக்கும் செலவில்லாத சோதனை.

விஷயம் இதுதான். ஒற்றைக் காலில் நிற்கும்போது மொத்த உடம்பும் அந்தப் பக்க இடுப்பில் தொங்குகிறது. உடம்பு மறுபக்கம் சாய்ந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பது பிட்டத்தின் பக்கவாட்டுத் தசைகள். தராசில் ஒரு பக்கம் நீளமும் ஒரு பக்கம் குட்டையும் இருந்தால், குட்டைப் பக்கம் எவ்வளவு பாரம் போடவேண்டும்? அப்படி இந்தத் தசைகள் இழுக்கிற இழுப்பில், மூட்டில் இறங்கும் சுமை உடம்பு எடையைப் போல இரண்டரை மடங்குக்கு மேலே போகிறது. அறுபது கிலோ ஆளுக்கு நூற்றைம்பது கிலோ! நடக்கும்போது ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு கணம் நாம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். தசை பலவீனமானால் அதன் தசைநார், எலும்பு மேட்டில் ஒட்டியிருக்கும் இடத்தில் நைந்துபோகிறது. கால் மேல் கால் போடுவது, ஒரு பக்கம் இடுப்பைச் சாய்த்து நிற்பது, வலிக்கிற பக்கம் படுப்பது எல்லாமே அந்த நாரை மேட்டோடு வைத்து அழுத்தும். நாற்பது வயசுக்கு மேல் பெண்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. ஒரு காலத்தில் இதை ‘நீர்ப்பையில் வீக்கம்’ என்று சொல்லி ஊசி போட்டார்கள். இப்போது, முதல் குற்றவாளி தசைநார்தான் என்கிறார்கள்.

ஊசியா, பயிற்சியா என்று ஆஸ்திரேலியாவில் முறையாகப் போட்டியே வைத்துப் பார்த்தார்கள். 2018-ல் ‘பி.எம்.ஜே.’ மருத்துவ இதழில் வந்தது. மொத்தம் 204 பேர், மூன்று குழு. எதைச் செய்யலாம், கூடாது என்ற விளக்கத்தோடு பயிற்சி ஒரு குழுவுக்கு. ஸ்டீராய்டு ஊசி ஒரு குழுவுக்கு. சும்மா இருங்கள், பார்ப்போம் என்று ஒரு குழுவுக்கு. எட்டாவது வாரம் ‘நன்றாகக் குறைந்திருக்கிறது’ என்றவர்கள், பயிற்சிக் குழுவில் நூற்றுக்கு 77 பேர். ஊசிக் குழுவில் 58. சும்மா இருந்தவர்களில் 29.

தேய்மானம் பற்றியும் அதே இதழில் 2015-ல் ஒரு கணக்கு வந்தது. அமெரிக்காவின் ஃப்ராமிங்காம் ஊர்க்காரர்களின் இடுப்பு மூட்டைப் படம் எடுத்துப் பார்த்ததில், அடிக்கடி வலிக்கும் இடுப்புகளில் நூற்றுக்குப் பதினாறில்தான் படத்தில் தேய்மானம் தெரிந்தது. தேய்மானம் தெரிந்தவற்றிலும் ஐந்தில் ஒன்றுதான் அடிக்கடி வலித்தது. எந்த ஆடிட்டரும் இந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போட மாட்டார்!

தவிரவும், குருத்தெலும்பு லேத் மெஷின் பேரிங் கிடையாது. அதற்குச் சொந்த ரத்தக் குழாய் இல்லை. மூட்டு அசைந்து, அழுந்தி, விடும்போதுதான் மூட்டுத் திரவத்திலிருந்து அதற்குச் சத்து போகிறது. தசையோ, வேலை வாங்கினால் வளர்கிற சாமான். அப்படி ஒரு சொத்துக்கு எங்கள் அக்கவுன்டன்ஸி புத்தகத்தில் பாடமே இல்லை.

அந்தப் பெண் பெரியம்மாவுக்குக் கொடுத்த வைத்தியத்தில் மெஷின் எதுவும் இல்லை. முதலில், இடது பக்கம் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெதுவாகத் தூக்கி இறக்குவது. தொடைகளைச் சுற்றித் துண்டைக் கட்டி, கால்களை வெளிப்பக்கம் தள்ளி அப்படியே பிடித்துக்கொள்வது. இரண்டு வாரம் கழித்து, சேரில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருப்பது. அப்புறம் வாசற்படியில் ஏறி இறங்குவது. வலித்தால்? பத்துக்கு நாலு மார்க் வரை வலிக்கலாம், ராத்திரிக்கும் மறுநாளைக்கும் ஏறக் கூடாது, ஏறினால் எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும். வலியே இருக்கக் கூடாது என்று சொல்லாததுதான் பெரியம்மாவுக்குப் பிடித்திருந்தது. “பொய் சொல்லாத பிள்ளை” என்றார்.

பீடித்தட்டுதான் பெரிய பஞ்சாயத்து. “சம்மணம் வேணாம்மா, கொஞ்ச நாளைக்கு.” “சேர்ல ஒக்காந்தா தட்டு எங்க நிக்கும்?” கடைசியில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, முன்னால் இன்னொரு ஸ்டூலில் தட்டை வைப்பது என்று முடிவானது. நூறு பீடிக்கு ஒரு தரம் எழுந்து, கொல்லைப்புறம் வரை நடை. முதல் வாரம் இருநூறு பீடிதான் போனது. மூன்றாவது மாதம் நானூறு. இப்போது ஒருக்களித்துத் தூங்குகிறார். கல்யாண வீட்டில் நாள் பூரா நின்றால் மட்டும் வலிக்கிறதாம். சம்மணத்துக்கும் திரும்பிவிட்டார். யார் சொல்லியும் கேட்கவில்லை.

எல்லா இடுப்பு வலியும் இப்படிப் படிந்துவிடாது. விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாவிட்டால், காய்ச்சலோடு வலித்தால், குழந்தை திடீரென்று நொண்டினால், பயிற்சி என்று காத்திருக்கவே கூடாது. இன்னொன்று, நம் ஊர் மெடிக்கல் ஷாப்களில் வலிக்குக் கிடைக்கிற ‘செட்டு மாத்திரை’. பேர் இல்லாத நாலு மாத்திரை, ஒரு வேளைக்குள் வலி மாயம். அதில் ஒன்று ஸ்டீராய்டாக இருந்தால்தான் அந்த மாயம் நடக்கும். மாசக்கணக்கில் அதைத் தின்றால், தொடையெலும்புத் தலைக்கு ரத்தம் போகும் வழி அடைபட்டு, எலும்பே செத்து நொறுங்கலாம். மிதமிஞ்சிய குடியும் அதே வேலையைச் செய்யும். முப்பது, நாற்பது வயசில் இடுப்பு மூட்டை மாற்றிக்கொள்ளப் போகிறவர்களில் பலருடைய கதை இதுதான். 1962-ல் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி வெற்றிகரமாக நிலைநாட்டிய அந்த ஆபரேஷன், மூட்டு முழுக்கப் போனவர்களுக்கு ஒரு வரம். ஆனால், இருபது ரூபாய் மாத்திரையில் தொடங்கி அங்கே போய் நிற்பது அநியாயம்.

கைத்தடி விஷயமும் சொல்லவேண்டும். சித்தப்பாவுக்கு நிஜமான இடுப்பு மூட்டு வலி. இடது பக்கம். தடியையும் இடது கையில்தான் பிடிப்பார். வலிக்கிற பக்கத்துக்கு எதிர்க் கையில் பிடித்தால்தான் தராசின் நீளப் பக்கத்தைத் தடி தாங்கும், தசை இழுக்கவேண்டிய பாரம் சட்டென்று குறையும் என்று அந்தப் பெண் படம் போட்டே விளக்கினார். சித்தப்பா தடியைக் கை மாற்றித் தெருமுனை வரை நடந்து பார்த்துவிட்டு, “லேசாத்தான் இருக்கு” என்று ஒப்புக்கொண்டார். மறுநாள் காலையில் பார்த்தால், தடி பழையபடி இடது கையில்.

“என்ன சித்தப்பா?”

“வலது கையில குடை இருக்குல்லா!”