லைட் வேண்டாம் தம்பி

புசல்லாவை
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள தம்பிக்கு,

பக்கத்து லயத்துப் பொடியன் புதன்கிழமை கட்டாருக்குப் புறப்படுகிறான். பார்சலோடு இந்தக் கடிதத்தையும் அவன் கையில் கொடுத்து விடுகிறேன். வட்ஸ்அப்பில் சொன்னால் என்ன என்று கேட்பாய். அதில் நான் ஒரு சொல் சொல்வதற்குள் நீ பத்துச் சொல் சொல்லி, "சரிக்கா, டியூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

முதலில் அந்த லைட் விஷயம். ஸ்டூடியோவில் இருக்கிற மாதிரி குடை லைட் இரண்டு, ஸ்டாண்டோடு, அடுத்த சம்பளத்தில் வாங்கி அனுப்பப் போகிறாயாம். அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் ஏசுவேன் என்று தெரியும். ஏசத்தான் போகிறேன். ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டு, பகலில் ஒரு அறைக்குள் இத்தனை பேரோடு தூங்காமல் கிடந்து சம்பாதிக்கிற காசு அது. நீ அனுப்பின கெமராவே எனக்குப் போதும். பாவித்த சாமான் என்று நீதான் கூச்சப்பட்டாய். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

வெளிச்சத்துக்கு நான் என்ன செய்கிறேன் தெரியுமா? ஸ்டோரில் தேயிலைத் தூள் அடைக்கிற பேப்பர் சாக்கு இருக்கிறதே, உள்பக்கம் வெள்ளித்தாள் ஒட்டினது, அதில் கிழிந்ததொன்றை அத்தான் கேட்டு வாங்கி வந்தார். துடைத்து, நன்றாகக் கசக்கி, திரும்ப விரித்து, டீவீ வந்த பெட்டியில் கிடந்த ரெஜிபோம் பலகையில் ஒட்டினேன். கசக்காமல் ஒட்டினால் வெயில் ஒரே இடத்தில் பளீரென்று அடித்து முகத்தைக் கெடுத்துவிடும். கசக்கினால் சிதறி விழுகிறது. மறுபக்கம் ரெஜிபோமின் வெள்ளை அப்படியே இருக்கிறது. வயசானவர்களுக்கு அந்தப் பக்கம்தான் நல்லது, சுருக்கத்தை அதட்டிக் காட்டாது. வீடு முழுக்க இப்போது தூள் வாசம். சின்னவன் பலகையைப் பிடிக்கிற உத்தியோகத்துக்குக் கூலியாக டொபி கேட்கிறான்.

இரவுக்குப் பெயின்ட் வாளி. அடியில் ஓட்டை போட்டு ஹோல்டர் மாட்டி ஒரு எல்ஈடி பல்ப், வாய்க்கு கேக் தட்டில் விரிக்கிற எண்ணெய்த்தாள். பழைய குண்டு பல்ப் போட்டால் வாளி உருகிவிடும், அந்த ஆபத்து எனக்கும் தெரியும், பயப்படாதே. ஆரம்பத்தில் படமெல்லாம் கறுப்புப் பட்டி பட்டியாக விழுந்தது. அத்தான் உடனே உன் கெமராவைக் குறை சொல்லிவிட்டார்! கெமரா பாவம். நம்முடைய மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று. மலிவு பல்ப் அதற்கேற்ப செக்கனுக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தேன், பட்டி போய்விட்டது. அந்தப் பல்பில் இன்னொரு கோளாறும் உண்டு. சிவப்பு குறைவு. நம்முடைய நிறத்தைச் சாம்பல் பூத்த மாதிரி காட்டும். நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்குப் பெட்டியில் சி.ஆர்.ஐ. 90 என்று போட்ட பல்பைத் தேடி வாங்கினேன், விலை கொஞ்சம் கூட. நான் காசு செலவழித்தது அதற்கு மட்டும்தான். வெளிச்சம் போதாவிட்டால் வாளியை முகத்துக்குக் கிட்டே நகர்த்துவேன். தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நாலு மடங்காகிறது. அப்புறம் எதற்கடா உன் குடை லைட்?

பகலில் பனிமூட்டம் இருக்கவே இருக்கிறது. வானம் முழுக்க ஒரே வெள்ளைத் திரை, எந்த முகத்திலும் கறுப்பு நிழல் விழாது. கெமரா மட்டும் அந்த வெள்ளையைப் பார்த்து மிரண்டு படத்தை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டிவைத்தால் சரி. யூடியூபில் வெள்ளைக்காரர்கள் மணிக்கணக்காகப் பேசுகிற காலைப் பொன் வெயில் நமக்கு அரை மணிகூட நிற்பதில்லை. இந்தப் பக்கத்துச் சூரியன் சரியாமல் நேரே ஏறிவிடுகிறது. அதிலும் நம் லயத்துக்கு எதிர்மலை வேறு. அது மலைக்கு மேலே தலை காட்டும்போதே வெயில் வெளுத்திருக்கும். அதனால் விடியற்காலையில் எழும்பி ஓடுவதை விட்டுவிட்டேன். அம்மாவுக்கு நிம்மதி.

அம்மா என்றதும் சொல்கிறேன். முழங்கால் வலி அப்படியேதான், கிளினிக் தவறாமல் போகிறா. ஆனால் நான் கெமராவைத் தூக்கிக்கொண்டு றோட்டில் போவது அவவுக்குப் பிடிக்கவில்லை. "ரெண்டு பிள்ளை பெத்த டீச்சர், பார்க்கிற சனம் என்ன சொல்லும்?" சனம் சொல்லத்தான் செய்கிறது. ஸ்டாஃப் ரூமிலும் ஒரு சிரிப்பு ஓடுகிறது. உன்னிடம் சொல்ல என்ன, இரண்டு நாள் அழுகை வந்தது. பிறகு றம்பொடை நீர்வீழ்ச்சிக்குப் போனோம். கால் ஸ்டாண்ட் ஏது? ஒரு பருப்புப் பையைப் பாறையில் வைத்து, அதன்மேல் கெமராவை அமுக்கி, அரை செக்கன் ஷட்டரைத் திறந்து வைத்தேன். 109 மீட்டர் தண்ணீரும் பஞ்சாக இறங்கியிருந்தது. காலில் சவர்க்காரம் பூசிப் போயும் அட்டை விடவில்லை. மூத்தவள் அலறின அலறலில் நான் அழுததெல்லாம் மறந்து போச்சு.

போன விடுமுறையில் ஹட்டன் பஸ் பிடித்துப் பொகவந்தலாவை வரைக்கும் போனோம். செயின்ட் மேரிஸ் தேவாலயத்தில் ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறை இருக்கிறது. யார் என்று முழிக்காதே. ஓ.எல். சோதனைக்கு நீ புரியாமலே பாடமாக்கினாயே, கோல்புறூக் கமரன் 1833 சீர்திருத்தம், அந்தக் கமரனின் மனைவி. 1863 முடிவில் மகளும் மருமகனும் ஒரு கெமராவைப் பரிசாகக் கொடுத்தபோது அந்த அம்மாவுக்கு வயது 48. (எனக்கு இன்னும் அவ்வளவு ஆகவில்லை.) கோழிக்கூட்டை ஸ்டூடியோவாக்கி, நிலக்கரி அறையை இருட்டறையாக்கி, டார்வினையும் டெனிசனையும் உட்கார வைத்துப் படம் எடுத்தவர். புருஷனுக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இரண்டு பேரும் இலங்கைக்கு வந்தார்கள், 1879இல் அந்த அம்மா இங்கேயே இறந்தார். என் ரெஜிபோம் பலகையைச் சிரிக்கிறவர்களிடம் அந்தக் கோழிக்கூட்டைச் சொல்லலாம் என்றுதான் முதலில் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் ஒன்று மனசில் தைத்துவிட்டது. இங்கிலாந்தில் அவர் வீட்டு வேலைக்காரப் பெண்ணை மாதாவாக வேஷம் கட்டிப் படம் எடுத்தார். அவள் பெயர் மேரி ஹில்லியர் என்று இன்றைக்கும் புத்தகங்களில் இருக்கிறது. இங்கே எடுத்ததில் மிஞ்சியது சொற்பம். அதில் ஒன்றுக்குத் தலைப்பே 'களுத்துறைக் குடியானவர்கள் கூட்டம்'. முகம் அவ்வளவு துல்லியம், பெயர் இல்லை. இப்போதும் வேன்காரர்கள் செய்வது வேறு என்ன? றோட்டோரம் நிறுத்தி, யாரும் இப்போது முதுகில் போடாத பழைய கூடையை ஒரு பொம்பளையின் தலையில் மாட்டி, சிரிக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு போகிறார்கள். காசு வாங்குகிற நம் பொம்பளைகளை நான் குறை சொல்லமாட்டேன். அரைநாள் கூலிக்கு மலையில் நிற்பதைவிட அது மேல்.

பிள்ளை மடுவத்து ஆயம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும். உன்னை ஏணையில் போட்டு ஆட்டினவ. போன வாரம் அவவை இஸ்தோப்பில் உட்கார வைத்து எடுத்தேன். கெமராவைப் பார்த்ததும் முதல் கேள்வி, "எடுத்தா எனக்கு ஒண்ணு தருவியா? இதுவரைக்கும் எடுத்தவன் ஒருத்தனும் தரலை." பலகையின் வெள்ளைப் பக்கத்தைத் திருப்பினதும், தண்டட்டி போட்டுத் தொங்கின காது முழுசாகத் தெரிந்தது. கையை மட்டும் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டா. விரல் வெடிப்புகளில் கொழுந்துக் கறை இன்னும் போகவில்லை, அந்த வெட்கம். கையை வெளியே எடு என்று நான் சொல்லவில்லை. அவ கை, அவ இஷ்டம். படத்தின் ஒரு பிரதி பார்சலில் வைத்திருக்கிறேன், பின்பக்கம் திருப்பிப் பார். அவவின் முழுப்பெயர், தகப்பன் பெயர், பிறந்த லயம் எல்லாம் எழுதியிருக்கிறேன். அடையாள அட்டையில் யாரோ ஒரு கிளாக்கர் எழுதிவிட்ட பெயர் வேறு. நான் அவ சொன்னதைத்தான் எழுதினேன்.

இப்போது லயம் லயமாகக் கூப்பிடுகிறார்கள். எடுக்கிறது எனக்குச் சுலபம், கொடுக்கிறதுதான் கஷ்டம். கம்பளையில் பிரின்ட் போட என் சம்பளத்தில் மிச்சம் பிடிக்க முடியவில்லை. அனுப்பியே தீருவேன் என்று நின்றால், லைட்டுக்கு வைத்த காசில் கொஞ்சத்தைப் பிரின்டுக்கு அனுப்பு. மீதியை உன் பெயரில் போடு. எங்கள் பெயரில் வேண்டாம். வரும்போது கையில் ஒன்றும் இல்லாமல் வந்து நிற்காதே. கல்யாணப் பேச்சை இந்தக் கடிதத்தில் எடுக்க மாட்டேன் என்று அத்தானுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் தப்பித்தாய். அந்த இருமலுக்கு டொக்டரிடம் போனாயா இல்லையா, அதற்கு மட்டும் உண்மையாகப் பதில் எழுது.

இன்னொரு உதவி. இந்த ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும் என்று பயமாக இருக்கிறது. பிஸ்கட் டின்னில் போட்டு மூடித்தான் வைக்கிறேன். சப்பாத்துப் பெட்டிகளில் குருணை மாதிரி சின்னப் பொட்டலம் வருமே, ஈரத்தை உறிஞ்சுகிறது, உன் கூட்டாளிமார் வீசுவதையெல்லாம் சேர்த்துக் கொண்டு வா. காசில்லாத சாமான், அதை அனுப்பினால் ஏசமாட்டேன்.

பார்சலில் தூள் இரண்டு பக்கட், சீனிச் சம்பல் ஒரு போத்தல், கருவாடு. கருவாட்டை அறையில் இருக்கிறவர்களுக்கும் கொடு. சம்பல் போத்தல் மூடி கொஞ்சம் லூஸ், எண்ணெய் கசியும். முதலில் படத்தை எடுத்து வேறாக வை.

அன்புடன்,
அக்கா