நூறு படங்களில் ஒரு முகம்

உங்கள் வீட்டுச் சாமி மேடைக்குப் பக்கத்தில் உங்கள் தாயாரின் படம் இருக்கிறதா? இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். எங்கள் வீட்டில் 35 ஆண்டுகளாக அந்த இடம் காலியாகவே இருந்தது. திதி வரும்போதெல்லாம் ஒரு குத்துவிளக்கை வைத்து, அதற்குத்தான் மாலை போடுவோம்.

என் அம்மா பால்மரம் வெட்டியவர். இருட்டோடு பெரட்டுக்குப் போனால், பால் நிறுத்து முடித்து மதியம்தான் லயத்துக்குத் திரும்புவார். படம் பிடித்துக்கொள்ள அவருக்கு ஏது நேரம்? அவரிடம் இருந்த ஒரே படம் அடையாளக் கார்டில் இருந்ததுதான். 1989இல் அவர் காலமானபோது, இறப்பைப் பதிந்த இடத்தில் கார்டையும் ஒப்படைத்துவிட்டோம். நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

போன வருடம், தோட்டத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த அக்கா என்னைக் கூப்பிட்டார். 1986இல் தோட்டத்தில் நடந்த அவருடைய கல்யாணத்தை வீடியோ எடுத்திருந்தார்கள். அந்த மூன்று டேப்புகளில் இரண்டு பூஞ்சை பிடித்துப் பாழாகிவிட்டன. தேறிய ஒன்றை டி.வி.டி.யாக மாற்றி வைத்திருந்தார்.

"தங்கச்சி, இதுல ஒங்கம்மா வர்றாங்க. வந்து பாரு" என்றார்.

பார்த்தேன். லயத்துப் பின்புறம் பெண்கள் காய்கறி நறுக்குகிறார்கள். வீடியோக்காரர் பெரிய விளக்கோடு வருகிறார். ஓரத்தில் பரங்கிக்காய் நறுக்கிக் கொண்டிருந்தவர் நிமிர்கிறார், சிரிக்கிறார், உடனே வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறார். நான்கே விநாடிதான். அம்மா!

வீட்டுக்கு எடுத்து வந்து, திரையில் ஓடும்போதே கைப்பேசியால் படம் பிடித்தேன். கோடு கோடாக, கண்ணாடிப் பளபளப்போடுதான் வந்தது. என் மகன் சிரித்துவிட்டு, "அம்மா, இப்படி இல்லை" என்று கணினி முன் உட்கார வைத்தான்.

அவன் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நம் நாட்டு வீடியோ டேப்பில் ஒரு விநாடிக்கு 25 படங்கள் ஓடுகின்றன. நான்கு விநாடி என்றால் 100 படங்கள். வி.எல்.சி. என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் வீடியோவை ஓட்டி, வேண்டிய இடத்துக்குச் சற்று முன்பாக நிறுத்துங்கள். பிறகு ஆங்கில 'ஈ' எழுத்தை ஒருமுறை தட்டினால் ஒரு படம் மட்டும் நகரும். நல்ல படம் வந்ததும் 'ஷிப்ட்' பொத்தானை அழுத்திக்கொண்டு 'எஸ்' எழுத்தைத் தட்டுங்கள். விண்டோஸ் கணினியில் அது 'பிக்சர்ஸ்' என்ற இடத்தில் சேர்ந்துவிடும். படத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால், வீடியோ பட்டியலில் உள்ள 'டீஇன்டர்லேஸ்' என்பதைப் போட்டுவிடுங்கள், கோடுகள் அடங்கும்.

அன்றிரவு நான் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஒன்றில் கண் மூடியிருந்தது. ஒன்றில் முகம் கலங்கியிருந்தது. ஒன்றில் யாரோ ஒருவரின் கை மறைத்தது. அறுபத்து மூன்றாவது படத்தில், முந்தானை வாய்க்கு வருவதற்கு முன், அம்மா முழுதாகச் சிரித்துக்கொண்டிருந்தார். என் கை நடுங்கியது. மகன்தான் பொத்தானை அழுத்தினான்.

மறுநாள் டவுனில் ஒரு படக்கடைக்குப் போய்ப் பெரிதாக்கித் தரச் சொன்னேன். கணினியிலேயே முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொன்னார்கள். வாங்கிப் பார்த்தால், பளிங்கு போல் ஓர் அழகான பெண்மணி! கன்னத்து மச்சம் இல்லை. தேய்ந்துபோன முன்பல் இல்லை. அது யாரோ. என் அம்மா இல்லை.

மகன் விளக்கினான்: டி.வி.டி. படத்தில் அகலத்துக்கு 720 புள்ளி, உயரத்துக்கு 576 புள்ளிதான் இருக்கும். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அப்படியானால் முழுப் படமே இரண்டரை அங்குல அகலம்கூட வராது. அதில் அம்மாவின் முகம் ஒரு மூலைதான். இல்லாததைக் கணினி தானாக இட்டு நிரப்பினால், முகம் மாறத்தான் செய்யும்.

ஆகவே, கொஞ்சம் மங்கலாகவே, பாஸ்போர்ட் அளவில் அச்சடித்துச் சட்டம் போட்டோம். இந்த ஆண்டுத் திதிக்குக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் அம்மாவும் இருந்தார். அம்மாவைக் கண்டிராத என் மகள், "பாட்டி சிரிச்சா என்னை மாதிரியே இருக்காங்க" என்றாள். வேறென்ன வேண்டும் எனக்கு?

வாசகர்களே! தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிந்து, நாம் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். ஆனால் யாருடைய கல்யாண வீடியோவிலோ, பந்தல் ஓரத்தில், உங்கள் அப்பாவோ பாட்டியோ நான்கு விநாடி நின்றுகொண்டிருக்கலாம். பழைய கூட்டாளிகளைத் தேடிக் கேளுங்கள். நம் ஊர் ஈரத்தில் டேப்புகள் அதிக நாள் தாங்காது. பூஞ்சை முந்திக்கொள்வதற்குள் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.